இன்றைக்கு ஒரு கட்டம்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் உங்கள் நோட்டுப் புத்தகம் எப்படி இருக்கும்? முதல் பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைப்புக்கு ஒரு கலர், அடிக்கோட்டுக்கு ஒரு கலர். தேதியைக்கூட ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருப்பீர்கள். ஐந்தாம் பக்கத்தில் எழுத்து லேசாகச் சாயும். பதினைந்தாம் பக்கத்தில்... வேண்டாம், உங்கள் மானத்தை வாங்குவது என் வேலையில்லை!

நானும் அந்த ரகம்தான். ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலை 4.30க்கு எழுதல். 5 முதல் 6 வரை கணக்கு. 6 முதல் 6.30 வரை உடற்பயிற்சி. மாலையில் ஆங்கிலம், அறிவியல், கையெழுத்துப் பயிற்சி, அம்மாவுக்கு உதவி. கடைசி வரியில், "இனி பொய் சொல்ல மாட்டேன், தம்பியை அடிக்க மாட்டேன்" என்று வேறு எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன்.

முதல் நாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். இரண்டாம் நாள் ஐந்தரைக்கு எழுந்தேன். மூன்றாம் நாள் ஏழு மணிக்கு அம்மா போர்வையை உருவினார்கள். அன்று சாயங்காலம் தம்பியையும் அடித்தாயிற்று. அட்டவணை மட்டும் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அதைக் கிழித்தார்கள்.

தோற்றது பெரிய விஷயமில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த காரணம்தான் மோசம். "நான் ஒரு சோம்பேறி. என்னால் எதுவும் முடியாது" என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவை ரொம்ப வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. ஏழு மணிக்கு எழுந்து பழகிய பிள்ளை ஒரே ராத்திரியில் நாலரைக்கு எழுகிற பிள்ளையாக மாறிவிட முடியுமா? தப்பு அட்டவணையில் இருந்தது. தண்டனை எனக்குக் கிடைத்தது.

இன்றைக்கும் இதே தவறு பல வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். பெயர் வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. மறுபடி ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பரில். அப்போது அவள் நான்காம் வகுப்பு! எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக வேண்டிய காலம் முழுக்க வீட்டில் போய்விட்டது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு செல்போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு வகுப்புகள் ஓடின. அவளும் கூடவே ஓடினாள். ஆறாம் வகுப்புக்கு வந்தபோதும் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைச் சரளமாக வாசிக்க அவளால் முடியவில்லை.

இது யாருக்கும் தெரியாது. அவ்வளவு கெட்டிக்காரி. பக்கத்தில் இருப்பவள் வாசிப்பதை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே மனப்பாடமாகச் சொல்லிவிடுவாள். ஆசிரியர் திடீரென்று புதுப் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். தமிழ் பீரியட் உள்ள நாளில் பாதி நாள் வயிற்றுவலி. அவளுடைய அம்மா டாக்டரிடம்கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காலாண்டு விடுமுறையில் அவள் என்னிடம் வந்தாள். "அத்தை, இந்த லீவுக்குள்ள தமிழ் புத்தகம் முழுசையும் படிச்சு முடிச்சிடணும். சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்" என்றாள்.

எனக்கு என் காலண்டர் தாள் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் முட்டி மோதினாள். மூன்றாம் நாள் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான்காம் நாள், "எனக்குப் படிப்பு வராது அத்தை" என்றாள். பதினோரு வயதுக் குழந்தை தன்னைப் பற்றித் தானே இப்படித் தீர்ப்பு எழுதினால் கேட்கிறவர் மனம் என்னாகும்?

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. "வா, மாமல்லபுரம் போய்விட்டு வரலாம்" என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், அன்று என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குக் கடலைக் காட்டி, மாங்காய்த் துண்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கினோம். பாறைக் குன்றைச் சுற்றி வந்தோம். அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், வெண்ணெய்த் திரட்டிப் பாறை எல்லாம் நீங்களும் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறையைத் தள்ளுவது போல நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள்! ஆனால் அங்கே பாதியில் விட்ட குகைகளும் இருக்கின்றன. வழிகாட்டிகள் அங்கே பெரும்பாலும் நிறுத்துவதில்லை. சிற்பம் இல்லாத இடத்தில் என்ன காட்டுவது என்று நினைப்பார்கள் போல. அங்கேதான் அவள் நின்றாள்.

"அத்தை, இங்க பாருங்களேன். மைசூர்பாகு துண்டு போட்ட மாதிரி இருக்கு!"

உண்மைதான். பாறைச் சுவரில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். கட்டங்களைச் சுற்றி ஆழமான பள்ளக் கோடுகள். சில கட்டங்கள் அப்படியே மேடாக நின்றன. சில கட்டங்கள் உடைத்து எடுக்கப்பட்டிருந்தன.

பல்லவர் காலத்துச் சிற்பிகள் மலையை எப்படிக் குடைந்தார்கள் என்ற ரகசியம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. முடித்த மண்டபத்தில் அது தெரியாது. அங்கேதான் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டார்களே! பாதியில் விட்ட இடத்தில்தான் வேலை செய்த முறை வெளியே தெரிகிறது. முதலில் பாறையின் முகத்தை ஓரளவு சமமாக்குவார்கள். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கட்டம் பிரிப்பார்கள். நம் கணக்கு நோட்டு போலத்தான். பிறகு கோடுகளின் மேல் உளியை வைத்து ஆழமாக வெட்டுவார்கள். இப்போது ஒவ்வொரு கட்டமும் நான்கு பக்கமும் பிரிந்து தனியாக நிற்கும். அதைத் தட்டி உடைத்து எடுத்துவிடலாம். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. ஓர் அடுக்கு முழுவதும் போனதும், உள்ளே புதிதாகத் தெரியும் பாறையில் மறுபடி கோடு, மறுபடி கட்டம். இப்படியே உள்ளே உள்ளே போவார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். டைனமைட் கிடையாது, மின்சாரம் கிடையாது, கல் அறுக்கும் மிஷின் கிடையாது. கையில் உளியும் சுத்தியலும். எதிரே கருங்கல் மலை. ஒரு சிற்பி காலையில் வந்து மலையை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு பெரிய மலையை நான் எப்போது குடைந்து முடிப்பேன்?" என்று நினைத்திருந்தால் அன்றே வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அவர் மலையைக் குடைய வரவில்லை. தன் பங்குக்கு உரிய கட்டத்தை உடைக்க வந்தார். ஒரு கட்டம் என்றால் கை எட்டும், கண்ணுக்குத் தெரியும், முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் இருக்காது.

அவள் அந்தச் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள். கட்டங்களை எண்ணினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அத்தை பாதியில விட்டுட்டாங்க?" அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அது முக்கியமான கேள்வி.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் ஓர் ஒப்பந்தம் போட்டோம். புத்தகத்தைத் தொடவே கூடாது. பள்ளிக்குப் போகும் வழியில் தினம் ஒரு போர்டு வாசிக்க வேண்டும். ஒரே ஒரு போர்டு. மளிகைக் கடை, டெய்லர் கடை, மருந்துக் கடை, எதுவானாலும் சரி. வாசித்துவிட்டால் வீட்டுக்கு வந்து காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குறிக்கோளைக் கேட்டதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கினால் அது பெரிய குறிக்கோள். "இவ்வளவுதானா?" என்று சிரிப்பு வந்தால் அதுதான் சரியான அளவு. என் அபிப்பிராயம் இது. வேறு பெரியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஆனால் நாலரை மணி அட்டவணை போட்டுத் தோற்ற அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம் போர்டு. அடுத்து, இதே போன்ற சிறுவர் பக்கத்தில் வரும் நகைச்சுவைத் துணுக்கு தினம் ஒன்று. ஜோக்கை வாசித்து முடித்தால்தானே சிரிப்பு வரும்! அதனால் அதில் ஏமாற்றவே முடியாது. அதற்குப் பிறகு தமிழ்ப் புத்தகத்தில் மூன்று வரி. ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மூன்று வரி. "நேரம் கிடைக்கும்போது" என்று சொன்னால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. தட்டு தினமும் கழுவப்படும். அதனால் தட்டுக்குப் பின்னால் கட்டினோம்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். "முதல் ரேங்க் எடுப்பேன்" என்று அவளை நான் சொல்லவிடவில்லை. ரேங்க் உங்கள் கையில் மட்டும் இல்லையே! பக்கத்து பெஞ்சுக்காரி உங்களைவிட நன்றாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? மூன்று வரி வாசிப்பது உங்கள் கையில் இருக்கிறது. "நல்ல பிள்ளையாக நடந்துகொள்வேன்" என்பதும் வேண்டாம். அது முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? "ஸ்கூலிலிருந்து வந்ததும் செருப்பை ஸ்டாண்டில் வைப்பேன்" என்றால் தெரியும். நகம் கடிப்பதை நிறுத்த வேண்டுமா? பத்து விரலையும் இன்றே விடுதலை செய்ய வேண்டாம். இந்த வாரம் வலது கைக் கட்டைவிரலை மட்டும் கடிக்காமல் விடுங்கள். மற்ற ஒன்பதும் இருக்கிறதே என்று மனசு சமாதானமாகிவிடும்!

உங்களில் விவரமான ஒருவர் இப்போது கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. "அப்துல் கலாம் ஐயா பெரிதாகக் கனவு காணச் சொன்னாரே, நீங்கள் மூன்று வரி போதும் என்கிறீர்களே?"

நல்ல கேள்வி. கலாம் ஐயா வேலை பார்த்த தும்பா ராக்கெட் தளத்தின் கதையைக் கேளுங்கள். கேரளத்தில் உள்ள அந்தத் தளத்திலிருந்து 1963 நவம்பர் 21இல் பறந்த முதல் ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. நாமே செய்த முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது 1967 நவம்பர் 20இல். அதன் பெயர் ஆர்.ஹெச்-75. அந்த 75 என்ன தெரியுமா? அதன் குறுக்களவு, 75 மில்லிமீட்டர்! கிட்டத்தட்ட நீங்கள் பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலின் பருமன். விண்வெளியை எட்ட வேண்டும் என்பதுதான் கனவு. ஆனால் முதல் கட்டம் பாட்டில் பருமன்தான். பிறகு கொஞ்சம் பெரியது, இன்னும் கொஞ்சம் பெரியது. கலாம் ஐயா திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் முதல் முயற்சியில் தோற்று வங்கக் கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18இல் ரோகிணி என்ற செயற்கைக்கோளை வானில் ஏற்றியது. அதன் எடை 35 கிலோ. உங்களில் பலருடைய எடை அவ்வளவுதான் இருக்கும்.

ஆகவே கனவு பெரிதாக இருக்கட்டும். சிற்பிக்கும் அது வேண்டும். எங்கே தூண் வரும், எங்கே வாசல் வரும் என்று முழு மண்டபமும் மனதில் இல்லாமல் கட்டம் கட்டமாக உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது ஜல்லிதான். மண்டபம் மனதில் இருக்க வேண்டும். உளி ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள்தான் மூன்றாம் நாள் போர்வைக்குள் படுத்துவிடுகிறார்கள்.

பல்லவர்களும் முதல் நாளே மாமல்லபுரத்துக்கு வந்துவிடவில்லை. செங்கல்பட்டுப் பிள்ளைகளே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வல்லம் இருக்கிறதே, அங்கே குன்றில் உள்ள குடைவரைக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? மகேந்திரவர்மன் காலத்தது. எளிமையாக இருக்கும். தூண்கள் தடித்தடியாகச் சதுரமாக இருக்கும். அவன் மகன் நரசிம்மவர்மன்தான் மாமல்லன். அவன் காலத்திலிருந்து மாமல்லபுரத்தில் எழுந்த மண்டபங்களில் தூண்கள் மெலிந்து, தூணின் அடியில் சிங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. தடித்த தூண் வெட்டிப் பழகாத கைகளுக்குச் சிங்கத் தூண் வந்திருக்குமா?

நம் காலத்துக் கதையும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பப் பள்ளி இன்று கல்லூரியாக இருக்கிறது. அதன் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர் அவர்தான். 2000 ஜனவரி 1இல் திறந்தார்கள். 133 அடிக்கு ஒரே கல்லா கிடைக்கும்? மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களைத் தனித்தனியாகச் செதுக்கி அடுக்கிய சிலை அது. தூரத்திலிருந்து பார்க்கிற நமக்கு ஒரே வள்ளுவர். வேலை செய்த சிற்பிக்கு அன்றைக்கு ஒரு கல்.

சரி, நம் கதைக்கு வருவோம். கட்டம் போடும் வேலை அழகாகப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் படுக்கை. ஒன்பதாம் நாள் காலண்டரைப் பார்த்தவள் அழுதுவிட்டாள். "எல்லாம் போச்சு அத்தை. எட்டு கட்டம் காலி. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாள்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான நல்ல முயற்சிகள் சாவது இந்த இடத்தில்தான். தொடங்க முடியாமல் தோற்கிறவர்கள் குறைவு. ஒரு நாள் விட்டுப்போனதும், "அதுதான் கெட்டுப்போயிற்றே, இனி எதற்கு?" என்று முழுவதையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது என்று யாராவது முழு மைப்புட்டியையும் மேலே கொட்டிக்கொள்வார்களா?

அவளுக்குச் சதுரங்கம் பிடிக்கும். அதனால் குகேஷ் கதையைச் சொன்னேன். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை நினைவிருக்கிறதா? அதில் இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் ஆடினார் குகேஷ். வயது 16. தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வெற்றி! உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் பத்தாவது சுற்றில், உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரவுடன் ஆடிய முக்கியமான ஆட்டத்தில் தோற்றுப்போனார். அணியின் தங்கப் பதக்கக் கனவுக்கே அடி விழுந்த தோல்வி அது. மறுநாள் பதினோராவது சுற்று. வந்து உட்கார்ந்து ஆடினார், டிரா செய்தார். அணிக்கு வெண்கலம் கிடைத்தது. முதல் பலகையில் ஆடியவர்களில் தனிநபர் தங்கம் அவருக்கே கிடைத்தது. தோற்ற ஆட்டம் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. முன்பு வென்ற எட்டு ஆட்டங்களையும் அது அழித்துவிடவில்லை. 2024 டிசம்பரில் தமது 18ஆம் வயதில் அவர் உலக சாம்பியன் ஆனது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். "ஏன் பாதியில விட்டுட்டாங்க?" சரியான காரணத்தை அந்தச் சிற்பிகள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் மாமல்லபுரத்தில் பாதியில் நின்றவை அந்தக் குகைகள் மட்டுமில்லை. உலகமெல்லாம் வந்து பார்க்கும் ஐந்து ரதங்களிலும் முடியாத வேலை இருக்கிறது! தர்மராஜ ரதத்தின் முன்னால் நின்று கவனித்துப் பாருங்கள். உச்சியும் மேல் தளங்களும் எவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன. கீழ்த்தளத்துக்குக் கண்ணை இறக்கினால் வேலை முற்றுப்பெறாமல் நிற்பது தெரியும். காரணம், ரதங்களை உச்சியிலிருந்து கீழ் நோக்கிச் செதுக்கினார்கள். அப்போதுதான் மேலே வெட்டும்போது விழும் சில்லுகள் கீழே முடித்த வேலையைக் கெடுக்காது. நின்று வேலை செய்ய சாரமும் கட்ட வேண்டாம், பாறையே மேடை. வேலை நின்ற நாளில், மேலே முடித்தது முடித்ததாகவே நின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. 1984இல் யுனெஸ்கோ மாமல்லபுரச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று அறிவித்தபோது, "கீழே பாக்கி இருக்கிறதே" என்று ரதங்களைக் கழித்துவிடவில்லை!

"அப்ப நான் படிச்ச துணுக்கெல்லாம் அப்படியே இருக்குமா?" என்று கேட்டாள். ஒன்றை எடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள், சிரித்தாள். இருந்தது. காலண்டரில் அந்த எட்டு நாளையும் காலியாகவே விட்டுவிட்டு ஒன்பதாம் நாளைச் சுற்றிக் கட்டம் போட்டாள்.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். பேப்பரை அப்பாவிடமோ அம்மாவிடமோ கொஞ்ச நேரம் கொடுங்கள். கொடுத்தாயிற்றா? பெரியவர்களே, பிள்ளை வந்து, "இன்னைக்கு மூணு வரி படிச்சேன்" என்று சொன்னால் தயவுசெய்து, "மூணு வரிதானா? எதிர்வீட்டுப் பையன் மூணு பாடம் படிச்சுட்டானாம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை உடைத்தது ஒரு கட்டம். நீங்கள் அந்த ஒரு வாக்கியத்தில் முழு மலையையும் தூக்கி மறுபடி அதன் முன்னால் வைக்கிறீர்கள். "பத்தே நாளில் கையெழுத்து மாறும்", "ஒரே வாரத்தில் ஞாபக சக்தி இரட்டிப்பாகும்" என்ற விளம்பர நோட்டீஸ்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். போதும், பேப்பரைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளே, அவளுடைய கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அவள் முதல் ரேங்க் எடுத்தாள் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது பொய். ஆறாம் வகுப்பு முடியும்போதும் அவள் மெதுவாகத்தான் வாசித்தாள். ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஆசிரியர் திடீரென்று ஒரு பக்கத்தைத் திறந்து அவளை எழுப்பியபோது வயிற்றுவலி என்று சொல்லாமல் எழுந்து நின்றாள். இரண்டு இடத்தில் தடுக்கியது. யாரோ சிரித்தார்களாம். மூன்றாவது வரியோடு உட்காரப் பார்த்தவளை ஆசிரியர், "இன்னும் படிம்மா" என்றாராம். அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

கோடை விடுமுறையில் மறுபடி மாமல்லபுரம் போனோம். இந்தத் தடவை அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நேராக அந்தக் கட்டச் சுவருக்குப் போய்த் தன் தங்கைக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். மைசூர்பாகு கதை உள்பட. வெளியே தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று நின்றது. அதன் எதிரே போய் நின்று வாசிக்கத் தொடங்கினாள். "பாதுகாக்கப்பட்ட" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பிறகு ஒரு விரலால் பாதிச் சொல்லை மறைத்துக்கொண்டாள். "பாது... காக்க... பாதுகாக்க..." விரலை நகர்த்தினாள். "பட்ட. பாதுகாக்கப்பட்ட!"

சாயங்காலம் பஸ் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. நான் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்து நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, அந்த மூணாவது பஸ். திருக்கழுக்குன்றம் வழி, செங்கல்பட்டு. ஓடி வாங்க, ஸீட் போயிடும்!"